காலில் புடைத்து நிற்பது நரம்பு இல்லை

கொழுந்து நிறுத்துவிட்டு வந்து வாசலில் காலை நீட்டி உட்காரும் நம் அம்மாமார் பலருக்குக் கெண்டைக்காலில் நீலமும் பச்சையுமாய்ப் புடைத்து வளைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். “நரம்பு சுருண்டுகிட்டு” என்கிறோம். ஆனால் அது நரம்பு இல்லை. நரம்பு என்பது மூளைக்கும் உடம்புக்கும் இடையே சேதி கொண்டு போகிற கம்பி மாதிரி. அதற்குள் இரத்தம் ஓடாது. காலில் புடைத்து நிற்பது இரத்தக் குழாய், அதிலும் நாளம் என்ற வகை. பேரில் என்ன இருக்கு என்று கேட்பீர்கள். நரம்பு என்று நினைப்பதால்தானே எண்ணெய் போட்டு உருவுகிறோம்? சில நேரங்களில் அந்த உருவலே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

பெரியவர் ஒருவர் உடம்பில் 5 லீற்றர் அளவு இரத்தம் இருக்கிறது. கைப்பிடி அளவான இருதயம் நிமிடத்துக்கு 70 தடவை போல அடித்து அதைச் சுற்ற விடுகிறது. இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு போகிற குழாய் நாடி. மணிக்கட்டில் துடிப்பது அதுதான். திருப்பிக் கொண்டு வருகிற குழாய் நாளம். அதன் சுவர் மெல்லியது, துடிப்பும் இல்லை. தாதியர் பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே படிக்கிற பாடம் இது.

நம்ம லயத்துப் பீலியை நினைத்துப் பாருங்கள். ஊற்று மேலே இருப்பதால் தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. அதையே கீழேயிருந்து மேல்கணக்குக்கு ஏற்ற வேண்டுமென்றால் பம்பு வேண்டும். பாதத்துக்குப் போன இரத்தமும் நெஞ்சுவரை மேட்டில் ஏற வேண்டும். அதற்குப் பம்பு நம் கெண்டைச் சதைதான். நடக்க நடக்க அது இறுகி நாளத்தைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் திரும்ப இறங்காமல் இருக்க, நாளத்துக்குள் வால்வு என்ற சின்னக் கதவுகள் உண்டு.

வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய வைத்தியர் 1628இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார். நீங்களும் செய்து பார்க்கலாம். கையைத் தொங்கப் போடுங்கள். முன்கையில் புடைத்த நாளத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக வழித்து விடுங்கள். வழித்த விரலை எடுத்தாலும் மேலேயிருந்து இரத்தம் இறங்கி வராது, நாளம் வெறுமையாகவே கிடக்கும். அழுத்திய விரலை எடுத்ததும் கீழேயிருந்து நிரம்பிவிடும்.

இந்தக் கதவுகள் பழுதானால் இரத்தம் காலிலேயே தேங்கி நாளம் வீங்கிச் சுருளும். கொழுந்து எடுப்பதில் நடை குறைவு, நிற்பது அதிகம். தொழிற்சாலையில் நின்று வேலை செய்வோருக்கும் இதே கதிதான். பிள்ளைத்தாய்ச்சிக் காலத்தில் கர்ப்பப்பை நாளங்களை அழுத்துவதாலும் இது வரும். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும்.

இதற்குச் செய்யக்கூடியது அப்படியொன்றும் கஷ்டமில்லை. நிற்கும்போது அடிக்கடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், பம்பு வேலை செய்யும். வேலை முடிந்து வந்ததும், கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணை வைத்து கால் மணித்தியாலம் படுங்கள். (சமையலை யார் பார்ப்பது என்று அக்காமார் கேட்பது காதில் விழுகிறது. வீட்டு ஆம்பளைகளே, அந்தக் கால் மணித்தியாலத்துக்கு அடுப்பை நீங்கள் பாருங்கள்!) இறுக்கமான காலுறையும் கிரேப் பண்டேஜும் உதவும். ஆனால் டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகே போட வேண்டும். புடைத்த நாளம் காயப்பட்டு இரத்தம் பீறிட்டால் உடனே படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கயிறு போட்டுக் கட்ட வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைச் சதை நோவெடுத்து, தொட்டால் சூடாக இருந்தால் அது வெறும் உளைச்சல் இல்லை. ஆழத்தில் உள்ள நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். பிரசவம் முடிந்த முதல் ஆறு வாரங்களிலும், ஒப்பரேஷனுக்குப் பிறகும், நாள்கணக்காகப் படுத்துக் கிடந்தவர்களுக்கும் இது வர இடமுண்டு. அப்படிப்பட்ட காலை எண்ணெய் போட்டு உருவினால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம். அதனால் உருவாதீர்கள், ஒத்தடமும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பிள்ளை பெற்றவளைப் படுக்கையிலேயே கிடத்தி வைக்காமல், டொக்டர் சம்மதித்ததும் எழுந்து நடக்க விடுவது நல்லது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பண்ணி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசியும் பிறகு குளிசையும் கொடுப்பார்கள். அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் வடியுமே, அட்டையின் எச்சிலில் இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருள் இருப்பதால்தான். இந்த மருந்தின் வேலையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே வார்ஃபரின் குளிசை குடிப்பவர்கள் அட்டைக்கடிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நாடியில் வரும் கோளாறு வேறு. மேடு ஏறும்போது கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் விட்டுவிடும். நாளாக ஆகக் கால்விரல் குளிர்ந்து, கறுத்து, புண்ணாகும். பீடி, சுருட்டு, சிகரட் குடிக்கும் இளவயது ஆண்களுக்கு வரும் இந்த நோய் ஒன்றை 1908இல் விவரித்த வைத்தியரின் பெயரால் பெர்ஜர் நோய் என்கிறார்கள். புகையிலையை அடியோடு விடாமல் எந்த மருந்து எடுத்தும் விரலைக் காப்பாற்றுவது கஷ்டம். வெற்றிலையோடு போடும் புகையிலைத் துண்டும் இதில் சேர்த்திதான். நாடி அடைபட்ட காலுக்கு இறுக்கமான பண்டேஜ் போட்டால் வருகிற கொஞ்ச இரத்தமும் நின்றுபோகும். டொக்டரைக் கேட்காமல் போட வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.