பரோட்டாக்கல் இருக்கையில் போன் எதற்கு?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், தேனியிலிருந்து குமுளி வரை எந்தச் சாலையோர ஹோட்டலுக்குள் நுழைந்தாலும் மதிய வேளையில் இந்தக் காட்சி கண்ணில் படும். தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்த போன். அதன் முன்னால் வாயைப் பாதி திறந்தபடி ஒன்றரை வயதோ இரண்டு வயதோ ஆன பிள்ளை. அம்மாவின் கை இட்லியைப் பிய்த்து அந்த வாய்க்குள் வைத்துக்கொண்டே இருக்கிறது. மென்றதா, விழுங்கியதா, கன்னத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. தேக்கடியில் படகுக்கு நேரமாகிறது என்கிறார் அப்பா. பாட்டு நின்றால் அழுகை. அழுகை வந்தால் அடுத்த பாட்டு.

இந்தப் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று எழுத உட்கார்ந்தால், எனக்கு முதலில் தோன்றுவது அவர்கள் பக்கத்து நியாயம்தான். மதுரையில் காலையில் காரில் ஏற்றிய பிள்ளை அது. ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும் வரை மடியிலோ இருக்கையிலோ கட்டிப்போட்ட மாதிரி இருந்திருக்கிறது. இறங்கியதும் ஓட வேண்டும் போலிருக்கும். நாமோ நேரே ஹோட்டலுக்குள் தூக்கிப்போய் மறுபடியும் உட்காரச் சொல்கிறோம். இரண்டு வயதுப் பிள்ளை ஒரே இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தாலே பெரிது. அந்தக் கால் மணி நேரத்தை, சாப்பாடு வருவதற்கு முன்பே நாம் செலவழித்துவிடுகிறோம். பிறகு சேட்டை பண்ணுகிறான், அடம்பிடிக்கிறாள் என்று பிள்ளை மேல் பழி.

ஆகவே உட்காராதீர்கள். பெரியவர்களில் ஒருவர் உள்ளே போய் இடம் பிடித்து, பிள்ளைக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடட்டும். இன்னொருவர் பிள்ளையோடு வெளியே நிற்கட்டும். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் வாசலில் நின்றாலே பிள்ளைக்குப் பார்க்க அவ்வளவு இருக்கிறது. ஆண்டிபட்டிப் பக்கமும் கம்பம் சாலையிலும் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுகின்றன. ஆனி ஆடிக் காற்றில் அவை சுற்றுகிற வேகத்தைக் கண்டு கை நீட்டாத குழந்தை இல்லை. வாழைத்தார் ஏற்றிய லாரி போகும். மேற்கே மலைமேல் மேகம் இறங்கும். இவையெல்லாம் போகட்டும், வாசலிலேயே பரோட்டாக்கல் கிடக்கிறது.

உத்தமபாளையம் தாண்டி ஒரு ஹோட்டலில் பார்த்தது இது. திண்டுக்கல் பக்கத்துக் குடும்பம். உள்ளே பெரிய மேசையில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாச்சி மட்டும் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லுக்கு நாலடி தள்ளி நின்றார். மாஸ்டர் மாவு உருண்டையை எண்ணெயில் தட்டி, விளிம்பைப் பிடித்து ஒரு வீசு வீசினார். மாவு விரிந்து கண்ணாடி மாதிரி மெலிந்து மேசையில் விழுந்தது. குழந்தை மூச்சு விடாமல் பார்த்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார். “என்ன பாப்பா, இன்னொண்ணு வீசட்டுமா?” என்றார். பாப்பா தலையை ஆட்டியது. இந்தத் தடவை கொஞ்சம் உயரமாகவே வீசினார். வெந்த பரோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பட்டுப் பட்டென்று அடித்தபோது குழந்தையும் கைதட்டியது. பக்கத்துக் கல்லில் கொத்துப் பரோட்டாவுக்குத் தாளம் கிளம்பியதும் அம்மாச்சியின் இடுப்பிலேயே குதிக்க ஆரம்பித்துவிட்டது.

“ஏப்பா தம்பி, பிள்ளைக்கு ஒண்ணு எண்ணெய் கம்மியா, முறுகவிடாமப் போட்டுக் குடுப்பா” என்றார் அம்மாச்சி.

“சரிங்கம்மா. பால் கொஞ்சம் தரச் சொல்லுறேன், பிச்சுப்போட்டு ஊற வச்சுக் குடுங்க.”

உள்ளே போனதும் அந்தப் பரோட்டாவைத்தான் ஊட்டினார்கள். தன் கண் முன்னால் வீசப்பட்ட பரோட்டா. ஒவ்வொரு வாய்க்கும் வாசல் பக்கம் கையைக் காட்டிக் காட்டி அது சாப்பிட்டது. மேசையில் யாரும் போனை எடுக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. சூடான கல்லும் எண்ணெயும் இருக்கிற இடம் என்பதால், பிள்ளையைத் தரையில் இறக்கிவிடாமல் தள்ளியே நிற்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

உட்கார்ந்த பிறகு இருக்கவே இருக்கிறது இலை. இலையில் தண்ணீர் தெளிக்கிற வேலையைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். வாழை இலையின் மேல் ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருளும். அதை விரலால் துரத்துவதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். அடுத்தது அப்பளம். அதைக் கையால் ஒரு குத்துக் குத்தி நொறுக்குகிற உரிமையும் சின்னவருக்கே. சிந்தட்டும். எப்படியும் எடுத்துப் போடப்போகிற இலைதான். பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்றை ஒரு ஓரமாகச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வைத்தால் தானே எடுத்து வாயில் வைக்கும். வெஞ்சனத்தில் காரம் இருக்கிறதா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளலாம். காலையென்றால் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ராத்திரியென்றால் இட்லியும் சர்க்கரையும் பல ஹோட்டல்களில் கேட்டால் கிடைக்கும்.

குழந்தைகளுக்கென்று உயரமான நாற்காலி இந்தச் சாலையில் பெரும்பாலான இடங்களில் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு உட்காரவைத்துத் துண்டால் இடுப்பைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும் வரை அது போதும்.

ரயிலில் வருபவர்களுக்கு இந்தக் கஷ்டத்தில் பாதி இல்லை. 2010 கடைசியில் நிறுத்தப்பட்ட மதுரை – போடி ரயில், அகலப்பாதையாகி 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் திரும்ப வந்தது. பெட்டிக்குள் பிள்ளை நடக்கலாம், ஜன்னலில் வேடிக்கை பார்க்கலாம், தூக்குச் சட்டியிலிருந்து நினைத்தபோது ஒரு வாய் வாங்கிக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கென்று ஒரு இடத்தில் அடைத்துவைக்க வேண்டியதில்லை.

நாள் முழுக்கப் பிள்ளையைச் சுமந்த தாய் சூடாக நாலு வாய் சாப்பிட, பத்து நிமிடம் போன் கொடுத்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் களைப்பு நியாயமானது. அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும் தகப்பனும் மாமனும் சித்தியும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் இரண்டு வயது வரை திரையே கூடாது என்கிறது.

போனைப் பற்றி எழுத வந்தாலும், இந்தச் சாலையில் எனக்கு வயிற்றைக் கலக்குகிற காட்சி சாப்பாடு முடிந்து காரில் ஏறிய பிறகுதான் வருகிறது.

திராட்சை.

கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று எங்கே திரும்பினாலும் பந்தல். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும்; அதனால் வருடம் முழுக்கப் பழம் உண்டு. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுருளி அருவிக்குப் போகிற வழியில் கூடை கூடையாக வைத்து விற்கிறார்கள். காரைவிட்டு இறங்காமலே ஒரு கிலோ வாங்கி, பாட்டில் தண்ணீரில் அலசி, பின் இருக்கையில் இருக்கும் பிள்ளையின் கையில் ஒரு கொத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொரு கையில் போன். கார் குமுளி மலை ஏறத் தொடங்குகிறது. பிள்ளை அமைதியாக இருக்கிறது என்று முன்னால் இருப்பவர்களுக்கு நிம்மதி.

அந்த நிம்மதிதான் எனக்குப் பயம். முழுத் திராட்சை, சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கிற பொருட்களில் மிக மோசமானவற்றில் ஒன்று. வழவழப்பானது, மெத்தென்றது. உள்ளே நழுவினால் குழாயின் வடிவத்துக்கு ஏற்றபடி அமுங்கி, காற்றுப் போக இடுக்கு வைக்காமல் மூடிவிடும். அரைத்துத் தின்னக் கடைவாய்ப் பல் வேண்டும். அந்தப் பற்கள் முழுதாக முளைக்க இரண்டரை வயதாவது ஆகும். நாம் பன்னீர் திராட்சையைச் சாற்றை உறிஞ்சிவிட்டு விதையைத் துப்புகிறோம். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் துப்பத் தெரியாது. மூச்சு முழுதாக அடைபட்டால் இருமலும் வராது, அழுகையும் வராது. போன் பார்க்கிற பிள்ளையும் அப்படிச் சத்தமில்லாமல்தான் இருக்கும். ஓடுகிற காரில், முன் இருக்கையில் இருந்துகொண்டு, இந்த அமைதியையும் அந்த அமைதியையும் எப்படிப் பிரித்து அறிவது?

அதனால் ஐந்து வயது வரை முழுத் திராட்சை வேண்டாம். நீளவாக்கில் நாலாக நறுக்கி, விதையை எடுத்துவிட்டுத் தர வேண்டும். குறுக்கே வெட்டினால் வட்டத் துண்டு அப்படியே இருக்கும். ஆபத்தும் அப்படியே இருக்கும். கார் ஓடும்போது அதுவும் வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, பிள்ளையை உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துக்கொண்டு கொடுங்கள். வேர்க்கடலை, கடலை மிட்டாய், பாப்கார்ன், கெட்டி மிட்டாய் ஆகியவற்றை இந்த வயதில் பையில் எடுத்துவைக்கவே வேண்டாம்.

நம் வீடுகளில் புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். தண்ணீர் கொடுப்போம், வாழைப்பழம் கொடுப்போம். மூச்சு அடைபட்ட பிள்ளைக்கு இவற்றில் எதுவும் உதவாது. பலமாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள், அதுதான் நல்ல வழி. இருமவும் அழவும் முடியாமல் போனாலோ முகம் நீலம் பாய்ந்தாலோ, ஒரு வயது தாண்டிய பிள்ளையை முன்பக்கமாகக் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். வரவில்லையென்றால் பின்னால் நின்று கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்நோக்கி, மேல்நோக்கி 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளியே வரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு வயிற்றில் கை வைக்கக் கூடாது. முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க முதுகில் 5 தட்டு, பிறகு நிமிர்த்தி நெஞ்சின் நடுவில் 5 அழுத்தல். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போய்விடும். நினைவு தப்பினால் உடனே நெஞ்சு அழுத்தலைத் தொடங்க வேண்டும். கூட இருப்பவர் முதல் நிமிடத்திலேயே 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், மலை ஏறும் வழியில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை மூச்சு காத்திருக்காது. தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது க.விலக்கில். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களுக்கு அது பள்ளத்தாக்கின் மறுமுனை. கம்பத்திலும் அரசு மருத்துவமனை உண்டு என்றாலும், அந்த முதல் சில நிமிடங்களில் பிள்ளையின் பக்கத்தில் இருக்கப்போவது நாம்தான்.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைக் கடையில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வந்து நின்றதும், “பிள்ளைக்கா? இரு தாயீ, முழுசாக் குடுக்காத” என்று சொல்லிவிட்டுக் கூடைக்கு அடியிலிருந்து சிறு கத்தியை எடுத்தார். நாலைந்து பழத்தை நீளமாகக் கீறி, நகத்தால் விதையைச் சுண்டி எறிந்து, வாழை இலைத் துண்டில் வைத்து நீட்டினார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

எல்லாக் கடையிலும் இதை எதிர்பார்க்க முடியாது. ஹோட்டல்காரர்கள் மலிவு விலையில் இரண்டு குழந்தை நாற்காலி வாங்கிப்போடலாம். பிள்ளையோடு வருகிற மேசைக்கு முதலில் ஒரு இட்லியை அனுப்பிவிட்டு மற்ற ஆர்டரை எடுக்கலாம். திராட்சை விவசாயிகளிடமும் ஒரு வேண்டுகோள்: பெட்டியிலும் பையிலும் ஊர்ப் பெயரையும் புவிசார் குறியீட்டையும் அச்சடிக்கிறபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விதை நீக்கி நீளவாக்கில் நாலாக நறுக்கிக் கொடுக்கவும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த கோடை விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் செய்துவிடக்கூடிய வேலைதான் இது.