‘எல்லாவற்றிலும்’, ‘எல்லாவற்றிற்காகவும்’: தமிழ்க் கிறித்தவ அன்றாட வழக்கில் நன்றியறிதலும் துயரும்

முன்னுரை

தமிழ்க் கிறித்தவரின் அன்றாட வாழ்வில் நன்றியறிதல் ஒரு மனநிலையாக மட்டும் நிற்பதில்லை. சொல்லாகவும் செயலாகவும் அது ஒழுங்கு பெற்றுள்ளது. உணவுக்கு முன் சொல்லும் மன்றாட்டு, பிறந்த நாளில் சபையில் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை, சமைக்க எடுக்கும் அரிசியிலிருந்து ஒதுக்கப்படும் கைப்பிடி அரிசி, அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடப்படும் முதற்பலன்கள், டிசம்பர் 31 இரவு ஆராதனை ஆகியவை யாவும் இவ்வொழுங்கின் உறுப்புகள். இவ்வழக்கம் உள்ளத்திற்கு உறுதி தருகிறது என்பது நம்பிக்கையாளரின் பட்டறிவு. எனினும் நோயிலும் இழப்பிலும் இதே சொல் எதிர்பார்க்கப்படும்போது, அது ஆறுதலாகிறதா சுமையாகிறதா என்னும் வினா எழுகிறது. தமிழ் விவிலியச் சொல்லாட்சியை அடிப்படையாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

நன்றி என்னும் சொல்லின் இரு முகம்

திருக்குறளின் பதினோராம் அதிகாரம் ‘செய்ந்நன்றி அறிதல்’ எனப் பெயர் பெறுகிறது. அங்கே ‘நன்றி’ என்பது பிறர் செய்த நன்மை. அதனை உணர்ந்து நினைவில் இருத்துவதே ‘அறிதல்’. இக்காலத்திலோ ‘நன்றி’ என்ற சொல்லே நன்மை பெற்றவரின் மறுமொழியைக் குறிக்கிறது. கொடுத்ததைக் குறித்த சொல், பெற்றவரின் வாய்மொழியாக இடம் மாறியுள்ளது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ‘காரிஸ்’ என்னும் சொல் இதையொத்த இருமை உடையது. இறைவன் அருளும் கொடையையும் அது குறிக்கும். அக்கொடைக்கு மனிதர் செலுத்தும் நன்றியையும் குறிக்கும். ‘யூகரிஸ்தியா’ என்பது இவ்வேரிலிருந்து வந்த சொல். நன்றி செலுத்துதல் என்பது அதன் பொருள். அதனைத் தமிழ்க் கத்தோலிக்கர் ‘நற்கருணை’ என வழங்குகின்றனர். ‘யூ’ என்பதற்கு ‘நல்’, ‘காரிஸ்’ என்பதற்குக் ‘கருணை’ என உறுப்புக்கு உறுப்பு பொருந்தும் அழகிய ஆக்கம் அது. ஆனால் இந்த ஆக்கத்தில் கொடுப்பவரின் அருள் முன்னிற்க, பெறுபவரின் நன்றி பின்னுக்குச் செல்கிறது.

1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதல் ‘நன்றியறிதல்’, ‘நன்றியறியாதவர்’ ஆகிய சொற்களைப் பண்பைக் குறிக்கவே பெரிதும் ஆள்கிறது. கொலோசெயர் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்திலும் லூக்கா நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலும் இதைக் காணலாம். செயலைக் குறிக்குமிடத்தில் அது பெரும்பாலும் ‘ஸ்தோத்திரம்’ என்ற வடசொல்லை நாடுகிறது. புகழுரை, துதிப்பாடல் என்பன அவ்வடசொல்லின் இயற்பொருள்கள். ஆகவே சீர்திருத்தச் சபையினரின் நாவில் புகழ்தலும் நன்றி கூறுதலும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. இந்த ஒடுக்கத்தின் விளைவு துக்க வீட்டில்தான் தெளிவாகப் புலப்படுகிறது.

யோபுவின் சொல்

மக்களையும் செல்வத்தையும் ஒரே நாளில் இழந்த யோபு கூறும் மொழி (யோபு 1:21) அடக்க ஆராதனைகளில் பரவலாக ஒலிப்பது. எபிரேய மூலத்தில் அவன் ஆண்டவரின் பெயரை வாழ்த்துகிறான். ‘பாராக்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அங்குள்ளது. ஐக்கியத் திருப்புதல் அதனை ‘ஸ்தோத்திரம்’ என்று பெயர்க்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘போற்றுதல்’ என்னும் வினையைக் கொள்கிறது. ஸ்தோத்திரம் என்றால் நன்றி எனப் பழகிய செவிக்கு, முதல் திருப்புதலில் யோபு தன் மக்களின் சாவுக்கே நன்றி சொன்னதாகக் கேட்கிறது. மூலம் அவ்வாறு சொல்லவில்லை. இழப்பின் நடுவில் இறைவனின் பெயரை வாழ்த்துவது வேறு, இழப்பையே நன்மையாக ஏற்று நன்றி சொல்வது வேறு.

மூன்றாம் அதிகாரத்தில் இதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான் என்பதும் கருதத்தக்கது. துக்க வீட்டுப் பொழிவுகள் முதல் அதிகாரத்துடன் நின்றுவிட்டால் அவனுடைய பொறுமை மட்டும் எஞ்சும், புலம்பல் மறைந்துபோகும்.

இரு வேற்றுமைகள்

நன்றியைப் பற்றிய பவுலின் அறிவுரைகளுள் இரண்டு இங்கு ஒப்பிடத்தக்கவை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகம் (5:18) ‘எல்லாவற்றிலேயும்’ என்கிறது. எபேசியருக்கு எழுதிய திருமுகம் (5:20) ‘எல்லாவற்றிற்காகவும்’ என்கிறது. முன்னதில் ‘இல்’ இடப்பொருள் தரும் ஏழாம் வேற்றுமை உருபு. பின்னதில் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’, ‘ஆக’ என்னும் சொல்லுருபுடன் வந்து பொருட்டுப் பொருளைத் தருகிறது. கிரேக்க மூலத்திலும் ‘என்’, ‘ஹூப்பெர்’ என்னும் வெவ்வேறு முன்னிடைச் சொற்களே உள்ளன. மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டைப் பிழையின்றிக் காத்துள்ளனர். திருவிவிலியம் முதல் இடத்தில் ‘சூழ்நிலை’ என்ற சொல்லைச் சேர்த்து இடப்பொருளை மேலும் வெளிப்படையாக்குகிறது.

வழக்கிலோ இவ்விரண்டும் எளிதில் ஒன்றாகிவிடுகின்றன. ‘எதற்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்’ என்ற பேச்சில் ஏழாம் வேற்றுமை நான்காவதாக மாறிவிடுகிறது. உருபு மாறினால் பொருள் மாறும் என்பது இலக்கண மாணவர் எவரும் அறிந்தது. இங்கே மாறுவது துயருற்றவரின் நிலை. நோயில் நன்றி சொல்பவர், நோய்க்கு வெளியே இன்னும் நன்மை உண்டு எனக் காண்கிறார். நோய்க்காக நன்றி சொல்லப் பணிக்கப்படுபவரோ தம் வலியை நன்மை எனப் பெயரிட வேண்டியவராகிறார். எபேசியர் தொடரைக் கொண்டு இதை நியாயப்படுத்தலாம் என்போர் உளர். ஆனால் அத்தொடர் ஒருவருக்கொருவர் பாடல்களால் பேசிக்கொள்ளும் வழிபாட்டுச் சூழலில் வருவது. துயருற்றவரை நோக்கிய கட்டளையாக அது அங்கு இல்லை. தெசலோனிக்கேயர் திருமுகத்தின் நான்காம் அதிகாரமும், இறந்தோரைக் குறித்து நம்பிக்கையற்றோரைப் போலத் துயருற வேண்டாம் என்கிறதே ஒழிய, துயரையே விலக்கவில்லை.

உளவியல் காட்டுவது

ராபர்ட் எம்மன்சும் மைக்கேல் மெக்கலோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. நன்றிக்குரியவற்றை வாரந்தோறும் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்வை நிறைவாக மதிப்பிட்டனர். நரம்புத்தசை நோயுற்றவர்களிடையே 21 நாள்கள் நடந்த பகுதியிலும், நன்றிக் குறிப்பு எழுதியோரிடம் நல்லுணர்வும் வாழ்க்கை நிறைவும் மிகுந்திருந்தன. அவர்களிடம் கேட்கப்பட்டது நோய்க்கு நன்றி கூறும்படி அன்று; வாழ்வில் நன்றிக்குரியவை எவை என்பதைத் தாமே தெரிந்து எழுதும்படியே. இலக்கண நோக்கில் சொன்னால், அது ஏழாம் வேற்றுமைப்பட்ட நன்றி.

கடனும் கொடையும்

நன்றியைச் சுமையாக்கும் மற்றொரு கூறு கடனுணர்வு. வேளாங்கண்ணியில் செலுத்தப்படும் வெள்ளி உறுப்புருக்களும், சீர்திருத்தச் சபைகளின் பொருத்தனைக் காணிக்கையும், தமிழ் மரபின் நேர்த்திக்கடனோடு உறவுடையவை. செலுத்தி முடித்தவருக்கு மனநிறைவு உண்டு. செலுத்த இயலாதவருக்கு, பெற்ற நலம் பறிபோகுமோ என்ற அச்சம் தொற்றுகிறது. புறநானூற்றின் 34ஆம் பாடல் செய்ந்நன்றி கொன்றவருக்கு உய்தி இல்லை எனக் கொள்ளும் அறமரபும் இவ்வச்சத்திற்கு வலுவூட்டியிருக்கலாம். லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்திலோ நலம் பெற்ற தொழுநோயாளர் பதின்மருள் ஒருவனே திரும்பி வருகிறான். எங்கே மற்ற ஒன்பது பேர் என்ற வினா எழுகிறது; அவர்கள் பெற்ற நலம் திரும்பப் பெறப்பட்டதாகக் கதை சொல்லவில்லை.

புலம்பலின் இடம்

சங்கீதங்களுள் புலம்பல் வகையினதே மிகுதி. 13ஆம் சங்கீதம் முறையீட்டில் தொடங்கிப் பாடலில் முடிகிறது. அங்கே நன்றி, முறையீட்டைத் தாண்டி வந்த பின்னரே பிறக்கிறது. 88ஆம் சங்கீதமோ இருளிலேயே நின்றுவிடுகிறது. நன்றி கூறாத அந்தப் பாடலையும் திருமறைத் தொகுப்பாளர் நீக்கவில்லை. வழிபாட்டிலிருந்து புலம்பல் மறைவதால் நேரும் இழப்பை அமெரிக்க விவிலிய அறிஞர் வால்டர் புருகெமன் 1986இல் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். ஒப்பாரி என்னும் வளமான வடிவத்தைக் கொண்ட தமிழ்ச் சூழலில் இவ்விழப்பு இன்னும் பெரிது. துக்க வீட்டில் பாமாலையும் கீர்த்தனையும் ஒலிக்கையில், இறந்தவரின் பெயர் சொல்லி அழும் பெண்ணின் குரலை ‘அழாதே, ஸ்தோத்திரம் சொல்’ என்று அடக்கும் உறவினரும் உண்டு. அழுகிறவர்களோடு அழும்படி ரோமர் திருமுகம் (12:15) பணிப்பது அவ்வுறவினரையே.