ஒரு கேள்விக்கு இரண்டு வாசல்

டீ வருவதற்குள் ஒன்று கேட்கிறேன். கொல்லிமலைக்குப் போகும் பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு? பேளுக்குறிச்சிப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் ‘70’ என்று சட்டென்று சொல்லிவிடும். பொது அறிவுப் போட்டி என்றதும் எல்லோர் கையும் முதலில் போவது இப்படிப்பட்ட கேள்விக்குத்தான். ‘மாசாமாசம் ஒரு ராத்திரி டீம் டீமா உக்கார வெச்சு குவிஸ் நடத்தப் போறோம், கேள்வி மட்டும் நீங்க பாத்துக் கொடுங்கண்ணா’ என்று வந்திருக்கிற தம்பியின் நோட்டிலும் முதல் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வியில் இரண்டு கோளாறு. தெரிந்தவருக்கு அரை நொடியில் முடிந்துபோகிறது, தெரியாதவருக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை. அது முதல் கோளாறு. இரண்டாவது, 70 வளைவு என்பது காரவள்ளி வழிக்கு உள்ள கணக்கு. முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்கு ஏறலாம். ‘எந்த ரோட்டைக் கேக்கறீங்க?’ என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தால், நடுவர் பாடு திண்டாட்டம்.

டீம் டீமாக உட்கார்ந்து ஆடும் இந்தக் குவிஸ் விளையாட்டு ஒழுங்காக வேரூன்றியது இங்கிலாந்தின் பப்களில், அதாவது பீர்க்கடைகளில். 1976 வாக்கில் ஷரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்ற இருவர், கூட்டம் குறைந்த நாட்களில் கடைக்கு ஆள் வரவழைக்க ஒரு வழியாக இதைப் பரப்பினார்கள். நாலைந்து பேர் ஒரு மேசை, அதுதான் டீம். கேள்வியை ஒருவர் வாசிப்பார், டீம் தனக்குள் குசுகுசுவென்று பேசி விடையைத் தாளில் எழுதும். ரவுண்டு முடிந்ததும் தாளைப் பக்கத்து மேசையிடம் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் லீக் வைத்து, புள்ளிப்பட்டியல் போட்டு ஆடுகிற அளவுக்கு இது வளர்ந்தது.

பப்புக்கும் பொது அறிவுக்கும் உறவு அதற்கு முன்பே உண்டு. 1951இல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன சர் ஹியூ பீவருக்குக் கூட வந்தவர்களோடு ஒரு வாக்குவாதம்: ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் வேகமாகப் பறப்பது எது? எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் விடை கிடைக்கவில்லை. அவர் கின்னஸ் பீர் கம்பெனியின் நிர்வாக இயக்குநர். நாடு முழுக்க இருக்கிற பப்களில் தினமும் இந்த மாதிரி வாக்குவாதம் நடக்குமே, தீர்த்துவைக்க ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1955இல் வெளிவந்த கின்னஸ் சாதனைப் புத்தகத்தின் கதை இதுதான். ‘கின்னஸ் சாதனை’ என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது வாயில் வருவது ஒரு பீரின் பெயர்.

நம் நாட்டுக்கு இது பீர் இல்லாமல் வந்தது. 1967இல் கொல்கத்தாவில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் நீல் ஓ’பிரையன் நடத்தியதைத்தான் இந்தியாவின் முதல் முறையான வினாடி வினாவாகச் சொல்கிறார்கள். 1983இல் பெங்களூரில் கர்நாடக குவிஸ் சங்கம் வந்தது. சென்னையில் சுதந்திர தினத்தன்று லேண்ட்மார்க் புத்தகக் கடை நடத்திய குவிஸுக்கு அரங்கம் நிரம்பும். கேள்வி கேட்டவர் கண் மருத்துவர் நவீன் ஜெயகுமார். மூன்று பேர் ஒரு டீம், வயது வரம்பு கிடையாது, தாத்தாவும் பேரனும் ஒரே டீமில் ஆடலாம்.

ஆனால் நம் ஊர்களில் பொது அறிவு என்றால் டிஎன்பிஎஸ்சி கைடு. முதல் பெண் யார், நீளமான ஆறு எது, எந்த ஆண்டு, எந்த மாநிலம். லட்சக்கணக்கான பேரை வரிசைப்படுத்த வேண்டிய தேர்வுக்கு அது போதும், அதை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி விளையாட்டுக்கு அதையே கொண்டுவந்தால், கைடு படித்த பையன் இருக்கும் டீம் மட்டும் ஆடும், மற்ற மேசைகள் மிக்சர் கொறிக்கும்.

நல்ல கேள்விக்குக் குறைந்தது இரண்டு வாசல் வேண்டும். ஒன்றில் நுழைய முடியாதவர் இன்னொன்றில் நுழைய வேண்டும். பக்கத்திலேயே ஓர் உதாரணம். ‘இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் யார்?’ என்றால் மனப்பாடம். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குக்காக ஒரு பத்திரிகை நடத்தினார், அதில் அவருக்குத் துணையாக வேலை பார்த்தவர் எழுத்தாளர் கல்கி. 23 வருஷம் கழித்து மவுண்ட்பேட்டன் காலி செய்த நாற்காலியில் உட்கார்ந்தார். யார்?’ ஆசிரமத்தை பஸ்ஸிலிருந்து பார்த்தவர் ஒரு வாசலில் வருவார், கல்கி படித்த அம்மா ஒரு வாசலில், கைடு படித்த தம்பி ஒரு வாசலில். மூவரும் சேர்ந்து ‘ராஜாஜி’ என்று எழுதும்போது அந்த மேசையே நிமிர்ந்து உட்காரும். பீர்க்கடையில் வளர்ந்த விளையாட்டுக்கு மதுவிலக்கு ஆசிரமத்திலிருந்து கேள்வி எடுப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷமும் உண்டு.

‘இந்த மாதிரி நம்மூர்ல என்ன இருக்குதுங்கண்ணா?’ என்கிறார் தம்பி. இருக்கிறதே, சனிக்கிழமைச் சந்தை! கோடையில் பேளுக்குறிச்சி மளிகைச் சந்தைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து வருஷத்துக்கு வேண்டிய மல்லி, மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் என்று மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒரு மசாலா சாக்கு ஒரு ரவுண்டுக்குக் கேள்வி தரும். மிளகை எடுங்கள். கி.பி. 408இல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப்போகத் தங்கமும் வெள்ளியும் பட்டும் கேட்டதோடு 3,000 பவுண்டு எடைக்கு இதையும் கேட்டான். கொல்லிமலையில் காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறும் அதே கொடி. பெருங்காயம் தினமும் நம் ரசத்தில் இருக்கிறது, ஆனால் அந்தச் செடியை இந்திய மண்ணில் பயிரிடும் முயற்சி தொடங்கியதே 2020இல்தான், அதுவும் இமாசலத்தின் லாகூல் பள்ளத்தாக்கில். அதுவரை மொத்தமும் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்துச் சரக்கு.

எனக்குப் பிடித்தது ஜாதிக்காய். கேள்வியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: ‘நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு என்று உறுதியானது 1667இல் கையெழுத்தான பிரேடா ஒப்பந்தத்தில். அதே ஒப்பந்தத்தில் டச்சுக்காரர்கள் தமக்கு என்று வைத்துக்கொண்டவற்றில் ஒன்று, இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் உள்ள ரன் என்ற குட்டித் தீவு. அங்கே விளைந்த ஒரே பழத்திலிருந்து வரும் இரண்டு சரக்கு மசாலாக் கடையில் இரண்டு டப்பாவில், இரண்டு விலையில் இருக்கும். அவை எவை?’

ஒப்பந்தம், தீவு, டச்சுக்காரர் எதுவும் தெரியாத மேசைகூட கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே பழம், இரண்டு சரக்கு. ஏலக்காய் இல்லை, கிராம்பு மொட்டு, பட்டை மரத்தோல். பிரியாணிக்குச் சாமான் வாங்கிப் பழகிய யாராவது ஒருவர் ‘ஜாதிக்காய், ஜாதிபத்திரி!’ என்பார். பழத்தைப் பிளந்தால் உள்ளே பழுப்பு நிறக் கொட்டை, அதுதான் ஜாதிக்காய். அதன்மேல் வலைபோலச் சுற்றியிருக்கும் சிவப்பு உறையைக் காயவைத்தால் ஜாதிபத்திரி. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் ‘தீவைக் கொடுத்து மன்ஹாட்டனை வாங்கினார்கள்’ என்று முடித்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்போது யார் கையில் எது இருந்ததோ அதை அவரவரே வைத்துக்கொள்வது என்பதுதான் உடன்பாடு. கேள்வி எழுதுகிறவர் அந்த வித்தியாசத்தை விட்டால், வரலாறு படித்தவர் ஒருவர் எழுந்து மொத்த ரவுண்டையும் கவிழ்த்துவிடுவார்.

கவிழ்க்கும் இடங்கள் வீட்டு வாசலிலேயே உண்டு. நாமக்கல் மாவட்டம் எப்போது உருவானது? சேலத்திலிருந்து பிரித்தது 25.7.1996, தனியாக இயங்கத் தொடங்கியது 1.1.1997. ‘எப்போது உருவானது’ என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டுக்கும் மார்க் போட வேண்டிவரும். ‘எந்த நாள் முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது?’ என்று கேட்டால் சண்டை இல்லை.

ஒரு புத்தகத்தில் பார்த்தேன் என்பதும் போதாது. பிரெட் வொர்த் என்ற அமெரிக்கர், 1974இல் வெளிவந்த தன் பொது அறிவுக் களஞ்சியத்தில் வேண்டுமென்றே ஒரு பொய்யைச் சொருகினார்: டிவி துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் பிலிப் என்று. யாராவது தன் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் மாட்டிக்கொள்ளட்டும் என்று வைத்த பொறி. கனடாவிலிருந்து வந்து உலகமெல்லாம் விற்ற ‘டிரிவியல் பர்சூட்’ பலகை விளையாட்டின் கேள்வி அட்டையில் அதே பிலிப் வந்து நின்றது. வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், தோற்றார். தகவல் யாருக்கும் சொந்தமில்லை, அதைத் தொகுத்து வேறு வடிவம் கொடுத்தது தவறில்லை என்பது தீர்ப்பு. சட்டப்படி ஜெயித்தாலும், அந்த அட்டையில் இருந்தது தப்பான விடைதான். தொடரில் அவர் காட்டும் அடையாள அட்டையில் இருக்கும் பெயர் பிராங்க்.

மற்றதெல்லாம் சின்ன வேலை. ரவுண்டுக்குப் பத்துக் கேள்வி போதும். அதில் குறைந்தது மூன்று எல்லா மேசைக்கும் தெரிந்ததாக இருக்கட்டும், கடைசி இடத்து டீமும் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு போக வேண்டும். சினிமா ஒரு ரவுண்டுக்கு மேல் வேண்டாம், வைத்தால் அதுவே ராத்திரியைத் தின்றுவிடும். போன்கள் எல்லாம் ஒரு தட்டில் நடுமேசைக்கு வந்துவிட வேண்டும். டை ஆனால் எண் கேள்வி வையுங்கள், யார் நெருங்கி வருகிறாரோ அவருக்குப் புள்ளி. அந்த 70 வளைவை அங்கே, ‘காரவள்ளி வழியில்’ என்ற வார்த்தையோடு, வெளியூர் டீம்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

தம்பி, ஒன்று மட்டும் தவறாமல் செய்யுங்கள். எழுதி முடித்ததும் போட்டிக்கு வராத ஒருவரிடம் எல்லாக் கேள்வியையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர் ‘எந்த ரோடு? எந்த வருஷம்? யார் சொன்னது?’ என்று திருப்பிக் கேட்கிற கேள்விகளை எல்லாம் அன்றைக்கே திருத்தி எழுதிவிடுங்கள்.