உடைந்த இரும்பு உரைப்பது

எங்கள் பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் விற்பவர் பழத்தைத் தட்டிப் பார்த்தே காயா பழமா என்று சொல்லிவிடுவார். முற்காலத்தில் இரயில் நிலையங்களிலும் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசை மழுங்கினால் உள்ளே விரிசல் உண்டென்று அறிந்தனர். என் தொழிலும் இவற்றுக்கு உறவுடையதே. ஆனால், பொருள் உடைந்த பிறகுதான் எங்களை அழைப்பார்கள். தடய இயந்திரப் பொறியாளர் என்பது எங்களுக்குப் பெயர்.

உடைந்த இரும்பில் என்ன தெரியும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சுழலும் தண்டு ஒன்று பல இலட்சம் முறை சுமை ஏறி இறங்கிக் களைத்து முறிந்திருந்தால், கடலலை மணலில் விட்டுச் சென்ற வரிகளைப்போல் வளைந்த கோடுகள் முறிவில் காணப்படும். அவ்வரிகள் தொடங்கும் இடமே விரிசல் பிறந்த இடம். அங்கே ஒரு துருக்குழியோ, கடைசல்காரர் விட்டுவைத்த கூரிய மூலையோ பெரும்பாலும் இருக்கும்.

கொதிகலன் குழாயின் கதை வேறு. உள்ளே நீரோட்டம் தடைப்பட்டுக் குழாய் திடீரென மிகச் சூடேறினால், சுவர் இளகி மெலிந்து மீன் வாயைப்போல் பிளக்கும். விளிம்பு கத்திபோல் மெல்லியதாக இருக்கும். அளவை மீறிய வெப்பத்தில் ஆண்டுக்கணக்காக வாடிய குழாயோ தடித்த விளிம்புடன் வெடிக்கும்.

இக்கல்வி வெறும் ஏட்டுக் கல்வியன்று. 2020 ஜூலை 1 அன்று, நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாம் அலகுக் கொதிகலனில் நேர்ந்த வெடிப்பில் அன்றே 6 தொழிலாளர் மாண்டனர். தீக்காயமுற்றோருள் மேலும் பலர் பின்னர் உயிர் துறந்தனர். அதே நிலையத்தின் ஆறாம் அலகில் மே 7 அன்றும் வெடிப்பு நேர்ந்து உயிர்கள் போயிருந்தன. இடையே 55 நாட்கள். ஒரு விபத்தின் காரணத்தை ஆராய்வோருக்குக் காலம் எத்துணை குறுகியது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எப்படிச் சொல்வேன்!

இத்தொழிலுக்கு இயந்திரப் பொறியியற் பட்டம் வேண்டும். உலோகவியல் அறிவும், பட்டறையில் கை அழுக்கான அனுபவமும் வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் நேரும். குறுக்கு விசாரணையைவிடக் கடிய தேர்வை நான் எழுதியதில்லை.

இளமையில் ஓர் ஆலையில், முறிந்த தண்டின் இரு துண்டுகளையும் ஆவலோடு பொருத்திப் பார்த்தேன். “தம்பி, வேண்டாம்!” என்று மூத்த பொறியாளர் கூவுமுன் அவை உரசிவிட்டன. வரிகள் தேய்ந்து போயின. அத்தண்டு முறிந்த காரணம், என் அறிக்கையில் இன்றும் ‘அறியக்கூடவில்லை’ என்றே இருக்கிறது.