பழைய தீயணைப்பு வண்டியும் அதன் வயர்லெஸ் கருவியும்

தீக்கு ஊர் எல்லை தெரியாது. ஒரு களத்துமேட்டில் பற்றிய நெருப்பு, காற்று வீசும் திக்கில் அடுத்த ஊரின் வைக்கோற்போருக்கும் தாவிவிடும். ஆதலின் தீயை அணைக்கும் பணியில் தண்ணீரும் வண்டியும் எவ்வளவு அவசியமோ, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதும் அவ்வளவு அவசியமாகும். இந்த இரண்டாவது தேவையை அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிற்றூர்கள் எவ்வாறு நிறைவு செய்துகொள்கின்றன என்பதையும், பழைய வண்டியுடன் வந்த பழைய வயர்லெஸ் கருவியை அவை எங்ஙனம் திருத்தி அமைத்துக்கொள்கின்றன என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஊரார் நடத்தும் படை

அமெரிக்கச் சிற்றூர்களில் தீயணைப்பு பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியர்களின் வேலை அன்று. பெஞ்சமின் பிராங்க்ளின் 1736-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் தொண்டர் தீயணைப்புப் படை ஒன்றை அமைத்தார். அவ்வழக்கம் அந்நாட்டில் இன்றும் நீடிக்கிறது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கிருந்த 10,41,200 தீயணைப்பு வீரர்களுள் 6,76,900 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், தொண்டர்களே ஆவர். உழவரும் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் அழைப்பு வந்தவுடன் தத்தம் வேலையை விட்டுவிட்டு வண்டிக்கு ஓடுகின்றனர்.

இத்தகைய படைகளிடம் பணம் குறைவு. புதிய தீயணைப்பு வண்டி ஒன்றின் விலையோ பல இலட்சம் டாலர். எனவே பெரிய நகரங்கள் கழித்துவிடும் வண்டிகளை அவை குறைந்த விலைக்கு வாங்குகின்றன. மத்திய அரசுக்கு உபரியாகிவிட்ட லாரிகள், அந்நாட்டுக் காட்டு இலாகாவின் வாயிலாக மாநிலங்களுக்கு இரவலாக அளிக்கப்படுவதும் உண்டு. அவற்றின்மீது தண்ணீர்த் தொட்டியும் பம்பும் பொருத்திக் கிராமப் படைகள் உபயோகிக்கின்றன.

வண்டியுடன் சில சமயம் அதன் வயர்லெஸ் கருவியும் வந்து சேர்கிறது. அக்கருவியின் நினைவில் இருப்பவை யாவும் வண்டியை விற்ற நகரத்தின் அலைவரிசைகள். அதனை அப்படியே உபயோகித்தால் விளையும் தீங்குகள் மூன்று. முதலாவது, தம் ஊர் நிலையத்தார்க்கு அக்குரல் கேட்காது. இரண்டாவது, விற்ற நகரம் அலை எட்டும் தூரத்தில் இருந்தால், அதன் பணியில் இவர்கள் குரல் குறுக்கிடும். மூன்றாவது, அது சட்ட விரோதம். எனவே கருவியைத் திருத்தி அமைத்தல் இன்றியமையாததாகிறது.

அலைவரிசையும் வாய்க்காலும்

வயர்லெஸ் கருவி குரலை அலையாக மாற்றி வானில் விடுகிறது. ஒவ்வோர் அலைக்கும் ஓர் அதிர்வெண் உண்டு. அனுப்புபவர் எந்த எண்ணில் அனுப்புகிறாரோ, அதே எண்ணில்தான் கேட்பவரும் கேட்டல் வேண்டும். அமெரிக்கக் கிராமப் படைகளுள் பல 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் பேசிக்கொள்கின்றன. வெவ்வேறு ஊர்ப் படைகள் ஒரே தீயில் கூடும்போது பொதுவாகப் பேசிக்கொள்வதற்கென 154.280 மெகாஹெர்ட்ஸ் நாடு முழுமைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது.

அதிர்வெண் ஒத்திருந்தால் மட்டும் போதாது; அகலமும் ஒத்திருத்தல் வேண்டும். ஓர் ஏரியிலிருந்து செல்லும் வாய்க்கால்களை இதற்கு உவமையாகக் கூறலாம். வாய்க்கால்கள் அகலமாக இருந்தால் சில வயல்களுக்கே இடமுண்டு. குறுக்கினால் அதே நிலப்பரப்பில் மேலும் பல வாய்க்கால்கள் வெட்டலாம். வானில் இடம் கேட்போர் பெருகவே, அந்நாட்டு மத்திய தகவல் தொடர்பு ஆணையம் இவ்வழியையே கையாண்டது. 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பேசிவந்த படைகளும் தொழிற்சாலைகளும் 2013 ஜனவரி 1-ஆம் தேதிக்குள் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்திற்கு மாறுதல் வேண்டும் என அது ஆணையிட்டது. 30 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பழைய தாழ்பகுதிக்கு இவ்வாணை பொருந்தாது.

பழைய கருவி வாங்குவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதுவே. அகலமாகப் பேசும் கருவியின் குரல், குறுகிய கருவியில் சிதைந்து கேட்கும். குறுகிய கருவியின் குரலோ அகலக் கருவியில் மெலிந்து கேட்கும். புகை நிறைந்த வீட்டினுள் இருப்பவர் அனுப்பும் சொல் சிதைந்தோ மெலிந்தோ வருமானால் விளைவு யாதென்று விளக்க வேண்டுவதில்லை.

தொனி என்னும் திறவுகோல்

ஒரே அலைவரிசையைத் தூரத்து ஊர்கள் சில பகிர்ந்துகொள்வதுண்டு. பிறர் பேச்சு இடைவிடாது காதில் விழாதிருக்க ஓர் ஏற்பாடு செய்துள்ளனர். பேசுவோர் குரலுடன், காதுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய தொனியும் சேர்ந்து செல்கிறது. கேட்கும் கருவி அத்தொனி வந்தால் மட்டும் வாய் திறக்கும். இன்றேல் மௌனமாக இருக்கும். மேற்கூறிய பொது அலைவரிசைகளுக்கு 156.7 ஹெர்ட்ஸ் தொனி நியமிக்கப்பட்டுள்ளது.

குன்றின்மேல் அமைந்த அஞ்சல் நிலையங்களுக்கும் இம்முறை உண்டு. அஞ்சல் நிலையம் வண்டியின் மெலிந்த அலையை ஓர் எண்ணில் வாங்கி, வேறோர் எண்ணில் வலுவுடன் திரும்ப அனுப்புகிறது. ஆதலின் வண்டிக் கருவிக்குக் கேட்கும் எண், பேசும் எண், தொனி ஆகிய மூன்றும் சரியாகத் தரப்படல் வேண்டும். தொனி தவறினால் அஞ்சல் நிலையம் திறவாது. பேசுபவர் தம் சொல் போய்ச் சேர்ந்ததென நம்பியிருப்பார். கேட்க வேண்டியவர்க்கோ ஒன்றும் கேட்டிராது.

திருத்தி அமைக்கும் முறை

1970-ஆம் ஆண்டுகள் வரை பெருவழக்காக இருந்த கருவிகளில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் தனித்தனிப் படிகக்கல் பொருத்தப்பட்டிருந்தது. எண்ணை மாற்ற வேண்டுமாயின் கல்லையே மாற்றுதல் வேண்டும். 1980-ஆம் ஆண்டுகளில் எண்களை நினைவுச் சில்லில் பதியும் கருவிகள் பரவின. மோட்டரோலா நிறுவனத்தின் மேக்ஸ்டிராக் இவ்வகையைச் சேர்ந்தது. இவற்றைத் திருத்தக் கணினியும், அக்கருவிக்கே உரிய மென்பொருளும், இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு பெட்டியும் தேவை.

வேலையைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்தல் நன்று.

1. கருவியின் அடியிலுள்ள மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, அது எந்த அதிர்வெண் பகுதிக்கு உரியது, குறுகிய அகலத்தில் இயங்க வல்லதா என்பதை அறிதல் வேண்டும். அகலத்தில் மட்டும் இயங்கும் கருவியைக் குறுகிய அலைவரிசையில் உபயோகித்தல் கூடாது.

2. பழைய கருவிகளின் மென்பொருள், டாஸ் முறையில் இயங்கிய வேகம் குறைந்த கணினிகளுக்காக எழுதப்பட்டது. இன்றைய வேகமான கணினியில் அது தடுமாறும். கருவியின் நினைவையே கெடுத்துவிடவும் கூடும். இதற்கெனப் பழைய கணினி ஒன்றைப் பழுதின்றிப் பேணும் தொழிலாளர் உளர். அவர்களை நாடுவதே சிக்கனம்.

3. முதலில் கருவியில் உள்ளதைப் படித்து, ஒரு பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். வேலை கெட்டுப்போனால் மீள்வதற்கு அதுவே வழி.

4. பின்னர் விற்றவரின் அலைவரிசைகளை முற்றிலும் நீக்கிவிட்டு, தம் உரிமத்தில் கண்ட எண்களையும் தொனிகளையும் அகலத்தையும் பதிதல் வேண்டும். பதியும்போது மின்சாரம் தடைப்படலாகாது.

5. ஒருவர் இடைவிடாது பேசும் நேரத்திற்கு ஒரு வரம்பு வைத்தல் நலம். இருக்கையின் இடுக்கில் மைக் அழுந்திக் கிடந்தால், ஊர் முழுவதன் பேச்சும் தடைப்படுவதை இது தவிர்க்கும்.

6. வரிசை எண்கள் எல்லா வண்டிகளிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். "மூன்றாம் எண்ணுக்கு மாறுங்கள்" என்று தலைவர் ஆணையிட்டால், எல்லா வண்டிகளிலும் மூன்றாம் எண் ஒரே அலைவரிசையாக அமைந்திருக்க வேண்டாமா?

எண்களைப் பதிந்ததும் வேலை முடிந்ததாகக் கருதலாகாது. நாட்பட்ட கருவியின் அதிர்வெண் சற்றே நகர்ந்திருக்கும். அளவுக் கருவி கொண்டு அதனைச் சரிபார்த்தல் வேண்டும். கூரைமீதுள்ள ஆன்டெனாவும் புதிய எண்ணுக்கு ஏற்ற நீளமுடையதாக இருத்தல் வேண்டும். 154 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். ஆன்டெனா இணைக்காமல் பேசினால் கருவி பழுதாகும். மின்கம்பியைத் தக்க பியூஸ் வைத்துப் பாட்டரியிலிருந்தே நேராக இழுத்தல் உத்தமம்.

உரிமம் அன்றேல் உரிமை இல்லை

கருவி தம்முடையது என்பதனால் அலைவரிசையும் தம்முடையதாகிவிடாது. வண்டியை விலைக்கு வாங்கலாம். அதனுடன் அலைவரிசை விலைக்கு வருவதில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு படையும் தகவல் தொடர்பு ஆணையத்திடம் உரிமம் பெறுகிறது. உரிமத்தின் காலம் 10 ஆண்டுகள். அண்டை ஊரின் அலைவரிசையைத் தம் கருவியில் பதிந்துகொள்ள விரும்பினால், அவ்வூராரின் இசைவை எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது நல்ல வழக்கமாகும்.

இவ்விதி வெறும் காகித விதி அன்று. 2021-ஆம் ஆண்டில் ஐடாஹோ மாநிலத்தில் காட்டுத் தீ ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தவர்களின் அலைவரிசையில், அப்பணியைச் சேராத ஒருவர் பேசினார். 2022-ஆம் ஆண்டில் ஆணையம் அவர்மீது 34,000 டாலர் அபராதம் விதிக்க உத்தேசித்து அறிவிப்பு வெளியிட்டது. வானில் விமானமும் தரையில் வீரரும் ஒரே அலைவரிசையை நம்பி இயங்கும் வேளையில், இடையில் புகும் குரல் நல்லெண்ணத்தோடு வந்தாலும் இடையூறே ஆகும். முறைப்பாசனத்தில் தன் முறை அல்லாத வேளையில் மடையைத் திறப்பவனை ஊர் பொறுக்குமா? வானமும் அத்தகைய பொதுச் சொத்தே.

எதற்கும் எல்லை உண்டு

திருத்தி அமைப்பதால் எல்லாக் குறையும் நீங்கிவிடும் என்று எண்ணுதல் கூடாது. அமெரிக்காவின் பல மாவட்டங்களும் மாநிலங்களும் 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் டிஜிட்டல் அமைப்புகளுக்கு மாறிவிட்டன. பழைய கருவியை எவ்வளவு திருத்தினாலும் அவற்றில் பேச வைக்க இயலாது. ஆகவே வாங்குமுன் அண்டை ஊரார் எம்முறையில் பேசுகின்றனர் என்று கேட்டறிதலே முதற்கடமை. அவர்களோடு ஒத்துப் பேச முடியாத கருவி, விலையின்றிக் கிடைத்தாலும் விலை மிகுந்ததே.

நமக்குரிய பாடம்

நம் மாநிலத்தில் தீயணைப்பு, அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் பொறுப்பாக உள்ளது. எனவே பஞ்சாயத்துக்கள் வண்டி வாங்கித் திருத்தும் நிலை இங்கில்லை. ஆயினும் திருவிழாக் கூட்டத்தை ஒழுங்கு செய்யவும், வெள்ளக் காலப் பணிகளுக்கும் வாக்கி-டாக்கி வாங்கும் எண்ணம் சில ஊர்களில் எழக்கூடும். உரிமம் தேவையில்லை என அறிவிக்கப்பட்டுள்ள சில குறைந்த ஆற்றல் அலைவரிசைகள் நீங்கலாக, நம் நாட்டிலும் இக்கருவிகளுக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். கைமாறி வந்த கருவியாயின் அதில் யாருடைய அலைவரிசை பதிந்துள்ளது என்பதை அறியாமல் அதன் பொத்தானை அழுத்துதல் கூடாது.

அங்கத்தினர்கள் விலையைக் கேட்குமுன் மூன்று வினாக்களைக் கேட்பாராக. இக்கருவி எந்த அலைவரிசையில் பேசும்? அதற்கு நமக்கு உரிமம் உண்டா? நாம் பேசினால் கேட்க வேண்டியவர்க்குக் கேட்குமா? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்த பின்னரே பணம் செலவிடுதல் முறையாகும். ஆபத்து வேளையில் ஊரைக் காப்பது கருவியின் எண்ணிக்கை அன்று. ஒருவர் அழைக்கும் குரல் மற்றவருக்குக் கேட்பதே.