பிள்ளை எழுதிய கதை மேடைக்கு வரும்போது

பிள்ளைகள் பாடசாலையில் எழுதும் கதைகள் எங்கே போகின்றன? பெரும்பாலும் கொப்பிக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. ஆசிரியர் சிவப்புப் பேனையால் எழுத்துப் பிழைகளைத் திருத்துகிறார், புள்ளி இடுகிறார். ஆண்டு முடிந்ததும் கொப்பி பழைய கடதாசியோடு சேர்ந்து கடலை சுற்றப் போகிறது. தான் எழுதியதை யாரும் கதையாக வாசிக்கவில்லை என்பதைப் பிள்ளை விளங்கிக்கொள்கிறது. அடுத்த முறை நாலு வரியோடு நிறுத்திக்கொள்கிறது.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இதனைக் கூடுதலாகக் காணலாம். பழகிய ஆசிரியரையும் கூட்டாளிகளையும் விட்டு இன்னொரு பாடசாலைக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று மாறியவர்கள் அவர்கள். புதிய வகுப்பில் பின் வாங்கில் இருந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகிவிடுகிறார்கள். "பிள்ளை குழப்படி இல்லை, நல்ல அமைதி" என்று நாம் ஆறுதல் அடைகிறோம். அந்த அமைதி எப்போதும் நல்லதல்ல.

பிள்ளைகள் எழுதிய கதைகளைப் பெரியவர்கள் எடுத்து, அப்பிள்ளைகளுக்கு முன்னாலேயே நடித்துக் காட்டும் முறை ஒன்று உண்டு. அதிக பணம் தேவைப்படாத முறை அது. அது எவ்வாறு தோன்றியது, எவ்வாறு நடக்கிறது, நமது இடங்களில் அதை எப்படிச் செய்யலாம் என்பவற்றை இங்கு பார்ப்போம்.

சொன்னபடி எழுதிய ஆசிரியை

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் விவியன் பேலி (1929–2019) என்ற பாலர் வகுப்பு ஆசிரியை இருந்தார். அவருடைய பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாது. ஆகவே பிள்ளை கதை சொல்ல, அதைச் சொன்ன சொல் மாறாமல் அவரே எழுதிக்கொள்வார். பின்னர் வகுப்பை வட்டமாக இருத்தி அக்கதையை வாசிப்பார். பிள்ளைகள் எழுந்து நடிப்பார்கள். கதை சொன்ன பிள்ளை தனக்கு விருப்பமான பாத்திரத்தைத் தானே தெரிவுசெய்யும்.

கதை இரண்டு வரியாக இருக்கலாம், முடிவில்லாமலும் இருக்கலாம். பேலி அதைத் திருத்தவில்லை. நடித்துப் பார்க்கும்போது எங்கே சொல் போதவில்லை என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும். அடுத்த கதையில் அதைச் சேர்த்துக்கொள்ளும். இம்முறை பற்றி அவர் பல நூல்களை எழுதினார். குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் அமெரிக்கப் பாலர் வகுப்புகளில் இம்முறையைக் கையாண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2015இல் வெளியானது. கதையை விளங்கிக்கொள்ளும் திறன், அச்செழுத்துப் பற்றிய அறிவு, தன்னைக் கட்டுப்படுத்தும் பழக்கம் ஆகியவற்றில் முன்னேற்றம் காணப்பட்டதாக அது கூறுகிறது. விளையாட்டாகத் தோன்றும் இக்காரியம் படிப்புக்கும் உதவுகிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

நாடகக் குழு வகுப்பறைக்கு வருகிறது

அதே சிக்காகோவில் 1997ஆம் ஆண்டு இளம் நடிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கினர். 'பெரல் ஒவ் மங்கீஸ்', அதாவது 'ஒரு பீப்பாய்க் குரங்குகள்' என்று அதற்குப் பெயரிட்டனர். பிற்காலத்தில் அப்பெயர் 'பிளேமேக்கர்ஸ் லபோரட்டரி' என மாற்றப்பட்டது. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் பெருமளவில் படிக்கும் அரசாங்கப் பாடசாலைகளுக்கு அவர்கள் சென்றனர்.

அவர்களுடைய வேலை இரண்டு கட்டமாக நடந்தது. முதலாவது, எழுத்து. 3ஆம், 4ஆம், 5ஆம் வகுப்புகளுக்கு நடிகர்களே ஆசிரியர்களாகப் போய், ஆறு வாரம் விளையாட்டோடு விளையாட்டாகக் கதை எழுதப் பழக்கினர். இரண்டாவது, நடிப்பு. எழுதிய கதைகளில் சிலவற்றை நடிகர்கள் எடுத்து, சிறு நாடகமாகவும் பாட்டாகவும் அமைத்து, அந்தப் பாடசாலை முழுவதற்கும் நடித்துக் காட்டினர்.

அத்தோடு நில்லாமல், அவற்றில் சிலவற்றை நகரத்து நாடக அரங்கில் பணம் கொடுத்துப் பார்க்க வரும் பெரியவர்களுக்கும் நடித்தனர். அந்நிகழ்ச்சியின் பெயரைத் தமிழில் 'புதினமாய் இருக்கே, அம்மம்மா' என்று சொல்லலாம். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் கற்பனை அங்கே பெரிய எழுத்தாளரின் நாடகத்துக்குரிய மரியாதையோடு மேடையேறியது.

திருத்தாமல் நடிப்பது ஏன்?

இம்முறையின் உயிர்நாடி இதுதான். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம்: "எங்கட மாடு துலைஞ்சு போச்சு. நான் தேடினன். அது கிணத்துக்குள்ள நிண்டு நிலாவைப் பாத்துக்கொண்டு நிண்டது. பிறகு நிலா அதைத் தூக்கி விட்டது."

நாம் உடனே என்ன செய்வோம்? "நிலா எப்படி மாட்டைத் தூக்கும்?" என்று கேட்போம். "கிணற்றுக்குக் கட்டு இல்லையா?" என்போம். இறுதியில் மாட்டைப் பத்திரமாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு புத்திமதியையும் சேர்த்துவிடுவோம். அப்போது அது நம்முடைய கதையாகிவிடும்.

நாடகக் குழு அப்படிச் செய்யாது. நான்கு இளைஞர்கள் கைகோர்த்து நின்றால் கிணறு. நடுவில் ஒருவர் குனிந்து நின்றால் மாடு. வாங்கின் மேல் ஏறிச் சுளகைப் பிடித்தவர் நிலா. நிலா கையை நீட்டுகிறது. மாடு மேலே வருகிறது. பார்ப்பவர்கள் சிரிக்கலாம், சிலர் தாங்கள் விட்டுவந்த மாட்டை நினைக்கவும்கூடும். கதை எழுதிய பிள்ளை முன்வரிசையில் இருந்து, தன்னுடைய சொல்லுக்குப் பெரியவர்கள் கீழ்ப்படிவதைப் பார்க்கிறது. வீடு, காணி, பாடசாலை எல்லாம் பெரியவர்களின் முடிவால் மாறிப்போன பிள்ளைக்கு இது சிறிய காரியமல்ல.

மட்டக்களப்பில்

நமது நாட்டிலும் இதற்கு நெருங்கிய முயற்சி நடந்தது. 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. கனேடியக் கலைஞர் போல் ஹோகன், இயேசு சபையைச் சேர்ந்த போல் சற்குணநாயகம் அடிகளார் ஆகியோர் இதில் முக்கிய பங்கு வகித்தனர். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கு ஒன்றாக வந்தனர். களிமண், வர்ணம், கதை, நாடகம் ஆகியவற்றின் வழியாக அவர்களோடு வேலை செய்யப்பட்டது.

நமது இடங்களில் செய்வதானால்

1. ஆட்கள்: ஐந்தாறு பேர் போதும். கூத்தாடிய அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் இருந்தால் மிக நல்லது. மத்தளமும் தாளமும் இருந்தால் பாட்டும் சேரும்.

2. இடம்: வாசிகசாலை முற்றம், பாடசாலை மண்டபம், மரநிழல் எதுவும் உதவும். பாய் விரித்த இடம் சபை. நிலத்தில் கோடு கீறினால் மேடை. சாரம், துவாய், சுளகு, கடகம் ஆகியவையே உடையும் பொருளும்.

3. கதை பெறுதல்: எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும். தெரியாதவர்கள் சொல்ல, ஒருவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளட்டும். பேச்சு வழக்கை மாற்ற வேண்டாம். எழுத்துப் பிழைக்கு அன்று புள்ளி குறைக்க வேண்டாம்.

4. ஒத்திகை: ஒரு கதைக்கு ஐந்து நிமிடம் போதும். எழுதியவரிடம், "மாடு என்ன நிறம்? நிலா பேசுமா?" என்று கேட்டுச் செய்யுங்கள். நடிப்பதற்கு முன் பிள்ளையின் பெயரைச் சபைக்குச் சொல்லுங்கள். பெயர் சொல்ல விரும்பாத பிள்ளையை விட்டுவிடுங்கள்.

5. தெரிவு: சிக்காகோ குழு எல்லாக் கதைகளையும் மேடையேற்றவில்லை. பேலியின் வகுப்பிலோ ஒவ்வொரு பிள்ளைக்கும் முறை வந்தது. நமது இடங்களில் பேலியின் வழியே பொருத்தமானது. முதலாம், இரண்டாம் பரிசு என்று வைத்தால், பின் வாங்குப் பிள்ளை மீண்டும் பின் வாங்குக்கே போகும்.

கவனமாக இருக்க வேண்டியவை

"இடம்பெயர்ந்த நாளைப் பற்றி எழுது" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். பேயும் நரியும் ஐஸ்கிறீம் வண்டியும் வரும் கதைக்கு அதே மதிப்பு உண்டு. பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இருந்தால், தானாகவே ஒரு நாள் சொல்லும்.

அப்படி இழப்பைப் பற்றிய கதை வந்தால், அதை மேடைக்குக் கொண்டுவர அவசரப்பட வேண்டாம். முதலில் பிள்ளையோடு இருந்து கேளுங்கள். நடிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் தீர்மானிக்கட்டும். பிள்ளை மிகவும் கலங்கியிருந்தால் நம்பிக்கையான ஆசிரியரிடமோ உளவளத்துணையாளரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

உதவி வழங்க வரும் விருந்தினர்களுக்கு முன்னால் பிள்ளைகளின் கண்ணீரைக் காட்சிப் பொருளாக்குவது மிகவும் தவறு. பிள்ளையின் கதையைக் காட்டி நிதி பெறலாம் என்ற எண்ணம் எந்த நிறுவனத்துக்கும் வரக்கூடியது. கதை பிள்ளைக்குச் சொந்தம். முதல் சபை அந்தப் பிள்ளையின் குடும்பமும் அயலவரும்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து வேலை, கூலி வேலை முடிந்து வரும் களைப்பு நமக்குத் தெரியும். ஆயினும் பிள்ளையின் கதை நடிக்கப்படும் மாலையில் ஒருவராவது போய் இருங்கள். கதை விளங்கவில்லை என்றாலும் இறுதிவரை இருந்து பாருங்கள். வீடு திரும்பும் வழியில் "நல்லது, கெட்டது" என்று தீர்ப்புச் சொல்லாமல், "பிறகு அந்த மாடு எங்கே போனது?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த கதை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும்.