சிறார் நகப் பூஞ்சைத் தொற்று

சிறார் நகப் பூஞ்சைத் தொற்று என்பது குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் ஆகியோரின் கை அல்லது கால் நகங்களில் பூஞ்சைகள் வளர்வதால் உண்டாகும் நோய் ஆகும். பேச்சு வழக்கில் இது நகச்சொத்தை எனப்படுகிறது. முதியோரிடம் பரவலாக உள்ள இந்நோய் குழந்தைகளிடம் அரிதாகவே காணப்படுகிறது. ஆகவே, ஒரு குழந்தையின் நகம் நிறம் மாறியோ தடித்தோ இருந்தால், அதற்குப் பூஞ்சையே காரணம் என்று சோதனையின்றி முடிவு செய்ய இயலாது.

பரவல்

பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், சிறாரிடம் இந்நோயின் அளவு பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பதிவாகியுள்ளது. வட அமெரிக்காவில் 2,500 சிறாரிடம் நடத்தப்பட்டு 1997-இல் வெளியான ஆய்வில் இது 0.44 விழுக்காடாக இருந்தது. வயது வந்தோரிடம் இது ஏறத்தாழ 4 முதல் 10 விழுக்காடு வரை எனக் கணிக்கப்படுகிறது. சிறாரிலும் வயது கூடக் கூட நோய் அதிகரிக்கிறது. கைக்குழந்தைகளைவிட வளரிளம் பருவத்தினரே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். கை நகங்களைவிடக் கால் நகங்களில், அதிலும் பெருவிரல் நகத்தில், இது அதிகம்.

தோல்நோய்ப் பிரிவுக்கு வரும் சிறாரை மட்டும் கணக்கிட்டால் விழுக்காடு கூடுதலாகத் தெரியும். அந்த எண் பொதுவான சிறார் மக்கள்தொகைக்குப் பொருந்தாது.

அரிதாக இருப்பதற்கான காரணங்கள்

குழந்தைகளின் நகம் விரைவாக வளர்வதால், பூஞ்சை வேரூன்றும் முன்பே தொற்றிய பகுதி வெளியே தள்ளப்பட்டு வெட்டப்பட்டுவிடுகிறது. பூஞ்சை பற்றுவதற்கான நகப் பரப்பும் சிறியது. ஆண்டுக்கணக்கில் நகத்தில் படும் அடிகள், கால்களில் இரத்த ஓட்டக் குறைவு, நீரிழிவு போன்ற முதுமைக் காரணங்களும் அவர்களிடம் குறைவு. நகத் தொற்றுக்கு முன்னோடியாக அமையும் சேற்றுப்புண்ணும் சிறு குழந்தைகளுக்கு அதிகம் வருவதில்லை.

கூடுதல் வாய்ப்புள்ளோர்

சேற்றுப்புண், படர்தாமரை அல்லது தலையில் பூஞ்சைப் படை உள்ள சிறாருக்கு நகத்திலும் தொற்று பரவலாம். வீட்டில் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பது முக்கியக் காரணி ஆகும். டவுன் நோய்க்குறி உள்ளோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர், காற்றுப் புகாத காலணியை நெடுநேரம் அணிவோர் ஆகியோருக்கும் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலான தொற்றுகளுக்கு ட்ரைக்கோபைட்டன் ரூப்ரம் என்னும் பூஞ்சை காரணமாகிறது. விரல் சூப்பும் குழந்தைகளின் கை நகங்களில் கேண்டிடா வகை ஈசுட்டு வளரலாம்.

ஒத்த தோற்றமுள்ள நிலைகள்

நகம் மஞ்சளாதல், தடித்தல், நுனி உதிர்தல், நகம் தசையிலிருந்து விலகுதல் ஆகியவை அறிகுறிகள். ஆனால் அடிபடுதல், இறுக்கமான காலணி, சொரியாசிசு, கரப்பான், பிறவியிலேயே பெருவிரல் நகம் திசைமாறி வளர்தல் ஆகியவற்றிலும் நகம் ஏறக்குறைய இவ்வாறே காணப்படும். இவற்றுக்குப் பூஞ்சை மருந்து பயன் தராது.

கண்டறிதல்

நகத் துணுக்கையும் நகத்தடியில் சேரும் பொடியையும் எடுத்து, பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். பூஞ்சையின் வகையை அறிய வளர்ப்புச் சோதனை செய்யப்படுகிறது. இதன் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். குழந்தையின் பாதங்களையும் தலையையும் மருத்துவர் சோதிப்பதோடு, வீட்டிலுள்ளோரையும் சோதிப்பது வழக்கம்.

சிகிச்சையும் தடுப்பும்

குழந்தைகளின் நகம் மெல்லியது என்பதால், தொற்று சிறிதளவே இருந்தால் மேற்பூச்சு மருந்து பெரியவர்களைவிட நன்கு பலனளிக்கலாம். தொற்று பரவியிருந்தால் டெர்பினாஃபின் போன்ற வாய்வழி மருந்துகள் உடல் எடைக்கேற்ற அளவில் தரப்படுகின்றன. இவை கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் மருத்துவக் கண்காணிப்பு தேவை. நோயை உறுதி செய்யாமல் இம்மருந்துகளைத் தொடங்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பூஞ்சை அழிந்த பின்னரும், புதிய நகம் முழுமையாக வளரும் வரை பழைய தோற்றம் மாறாது.

பாதங்களை, குறிப்பாக விரலிடுக்குகளை, ஈரமின்றித் துடைத்தல், காலுறையை நாள்தோறும் மாற்றுதல், நகவெட்டியையும் காலணியையும் பகிராதிருத்தல் ஆகியவை தொற்றைத் தடுக்க உதவும். வீட்டில் தொற்றுள்ள பெரியவருக்கும் உடன் சிகிச்சை அளிக்காவிட்டால், குழந்தைக்கு மீண்டும் தொற்று வர வாய்ப்புண்டு.